சித்திரையில் சுருங்கிய கெஃபிர் மணி

எடப்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உறவினர் கொடுத்த, பாலைப் புளிக்கவைக்கும் கெஃபிர் மணிகளைத் தினமும் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டுப் புதுப் பாலில் போட்டு வந்தாராம். மாசியில் கொழுகொழுவென்று இருந்தவை சித்திரையில் சுருங்கிப் போயின. பால் அரை நாளிலேயே திரிந்து, தண்ணீர் தனியாக நிற்கிறது.

உறை ஊற்றத் தெரிந்தவருக்குக் கெஃபிரும் பாதி தெரிந்ததுதான். ஆனால் உறைமோர் பாலில் கலந்து மறைந்துவிடும். கெஃபிர் மணி கரைவதில்லை. காலிஃபிளவர் துணுக்குப் போல மிதக்கும், தொட்டால் ரப்பராய் வழுக்கும். பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும் கூடி வாழும் வீடு அது. வீட்டைக் கட்டும் பசைக்குக் கெஃபிரான் என்று பெயர். அதையும் பாக்டீரியாவே சுரக்கிறது.

என்னை மயக்குவது இதன் வம்சம். உறைமோர் தீர்ந்துபோன நாளில் எங்கள் அம்மாயி பால் போசியில் மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டுத் தயிராக்கிவிடும். கெஃபிரில் அந்த வித்தை பலிக்காது. மணி வேண்டுமென்றால் இன்னொரு மணி வேண்டும். யாராவது கொடுக்க வேண்டும். இந்தக் கைமாற்றம் எவ்வளவு பழையது என்று பாருங்கள். சீனாவின் சின்ஜியாங்கில், ஷியாவோஹெ இடுகாட்டில் கிடைத்த உடல்களின் தலையிலும் கழுத்திலும் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. அது கெஃபிர் பாலாடைக்கட்டி என்று 2024-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதி செய்தது. வயது 3,000 ஆண்டுகளுக்கும் மேல். அத்தனை தலைமுறையாக, பால் ஊற்றும் கை விடாமல் இருந்திருக்கிறது. நாமோ பாக்கெட் தயிர் வந்ததும் உறைமோர் எடுத்துவைப்பதையே விட்டுவிட்டோம். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

வாசகியின் மணிகளுக்கு வருகிறேன். அலசவே வேண்டாம். குளோரின் கிருமியைக் கொல்லத்தான் தண்ணீரில் கலக்கப்படுகிறது, மணியிலிருப்பதும் கிருமிதானே! அடுத்தது வெயில். கெஃபிருக்கு 20 முதல் 25 டிகிரி சுகம். சித்திரையில் எடப்பாடி வீடுகளுக்குள் அது ஏது? ஒரு டம்ளர் பாலுக்கு ஒரு டீஸ்பூன் மணி போதும். பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி ஈரத்துணி சுற்றுங்கள். நம் வறண்ட காற்றில் நன்றாகவே குளிரும். ஒரு நாள் காத்திருக்காமல், பால் கெட்டிப்பட்டதுமே வடித்துவிடுங்கள். காய்ச்சிய பால் முழுக்க ஆறியிருக்கட்டும். மூடியை இறுக்க வேண்டாம், ஈஸ்ட் வாயு விடும். அலுமினியமும் பித்தளையும் புளிப்புக்கு ஆகாது. எவர்சில்வர் வடிகட்டி நல்லது. ஊருக்குப் போனால் புதுப் பாலில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். மாதக்கணக்கில் அங்கேயே மறந்துவிடுவது பட்டினி போடுவதுதான்.

பூஞ்சை படர்ந்தாலோ இளஞ்சிவப்பு தட்டினாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். வெறும் சுருக்கம் என்றால் ஓரிரு வாரம் பால் மாற்றிப் பாருங்கள். பெருகியதும் ஒரு கரண்டி பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். உங்களுடையது கெட்டாலும் அங்கே போய்க் கேட்கலாம்.