குமரியில் சூரிய உதயமும் பார்க்கலாம், சுபுஹும் தவறாது! முஸ்லிம் சுற்றுலா பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவில்,

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு காட்சி. காலையில் சூரியன் உதிப்பது. மாலையில் சூரியன் மறைவது.

முஸ்லிம்களுக்கு இந்த இரண்டும் தொழுகை நேரம்!

சூரியன் தலைகாட்டும் முன்பே சுபுஹு தொழுகையை முடித்துவிட வேண்டும். சூரியன் கடலில் முங்கிய உடனே மஃரிபு நேரம் தொடங்கிவிடும். காட்சியைப் பார்ப்பதா, தொழ ஓடுவதா? வேன் பிடித்துக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இது பெரிய திண்டாட்டம். கடற்கரையில் கூட்டம் ‘ஜே ஜே’ என்று நிற்கும்போது, “வாப்பா, தொழ எங்க போவணும்?” என்று பிள்ளை கேட்டால் சட்டென்று பதில் வராது.

கொஞ்சம் திட்டம் போட்டு வந்தால் இரண்டையும் தவறவிட வேண்டியதில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கு!

குமரியில் சூரியன் உதிக்கும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூனில் காலை 6 மணியை ஒட்டி. ஜனவரி கடைசியில் 6.40 மணியை ஒட்டி.

சுபுஹு நேரம் அதற்குச் சுமார் ஒன்றே கால் மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். ஆகவே கடற்கரைக்குப் போய் இடம் பிடித்துவிட்டு, அப்புறம் தொழுகையைப் பற்றி யோசிப்பதுதான் தப்பு. பாங்கு சொன்னதும் தங்கும் அறையிலோ, ஊர்ப் பள்ளிவாசலிலோ தொழுதுவிட்டுக் கிளம்பினால் போதும். சூரியன் வருவதற்குள் ஒரு சாயாவும் குடித்துவிடலாம்.

மாலையில் கதை வேறு. மஃரிபு நேரம் குறைவு. சூரியன் மறைந்ததும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பும். ரோடு அடைத்துக்கொண்டால் தொழுகை போச்சு. உளூவோடு கடற்கரைக்கு வந்து, கையில் ஒரு விரிப்பும் வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை.

பயணிக்குச் சலுகை உண்டு

சொந்த ஊரில் இருந்து சுமார் 80 கிலோ மீட்டருக்கு மேல் பயணம் போகிறவர், நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். இதற்குக் கஸர் என்று பெயர். ஷாஃபி மத்ஹபுக்காரர்கள் ளுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழலாம். மஃரிபையும் இஷாவையும் அப்படியே சேர்க்கலாம். ஹனஃபிகளுக்கு இப்படிச் சேர்ப்பது வழக்கம் இல்லை. பயணத்தில் இருப்பவருக்கு ஜும்ஆவும் கட்டாயம் இல்லை.

ஆனால் சுபுஹுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. சுருக்கவும் முடியாது, வேறு தொழுகையோடு சேர்க்கவும் முடியாது. எனவே குமரிக்கு வருகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அதிகாலையைத்தான்.

கிப்லா எந்தப் பக்கம்?

பலர் செய்யும் தவறு இது. “சூரியன் மறையுற பக்கம்தானே கிப்லா” என்று நின்றுவிடுகிறார்கள்.

குமரியில் இருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கில் இருந்து வடக்கே சுமார் 24 டிகிரி தள்ளி இருக்கிறது. ஜூன் கடைசியில் சூரியனும் கிட்டத்தட்ட அந்தத் திசையில்தான் மறையும். அப்போது தப்பு வராது. ஆனால் சீசன் களைகட்டும் டிசம்பரில் சூரியன் தெற்கே விலகி மறையும். அதைப் பார்த்து நின்றால் 45 டிகிரிக்கு மேல் விலகிப் போய்விடும்!

செல்போனில் திசைகாட்டி இருக்கிறது. ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

கடலில் உளூவா? உஷார்!

கடல் தண்ணீரில் உளூ செய்யலாம். மார்க்கத்தில் தடை இல்லை. ஆபத்து பாறையில் இருக்கிறது. பாசி பிடித்த பாறை கால் வைத்ததும் வழுக்கும். அமைதியாகத் தெரியும் கடல் திடீரென்று பொங்கும். கரையில் காற்று இல்லாத நாளிலும் எங்கிருந்தோ வரும் பெரிய அலையை இந்தப் பக்கத்து மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்பார்கள்.

2024ம் ஆண்டு மே 6ந் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்துப்போய் 5 மருத்துவ மாணவர்கள் பலியானார்கள். எச்சரிக்கை விடப்பட்ட நாளில் நடந்த பரிதாபம் அது.

ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தால் உளூ முடிந்துவிடும். அதற்காகப் பாறையில் இறங்குவது வேண்டாத வேலை.

மீனும் மரச்சீனியும்

சாப்பாட்டுக்குக் குமரி மாவட்டத்தில் பஞ்சம் இல்லை. இறைச்சி என்றால் ஹலாலா என்று கேட்க வேண்டும். மீனுக்கு அறுப்பே கிடையாது. அவித்த மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த மீன் குழம்பும் போதும். வாய்க்கு ருசி, மனசுக்கும் சந்தேகம் இல்லை. பொரித்த மீன் வாங்குகிறவர்கள் மட்டும், அதே எண்ணெயில் கோழி பொரித்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

திரும்பும்போது மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்காமல் போகக் கூடாது. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது.

பார்க்க வேண்டிய இடங்கள்

விவேகானந்தர் பாறைக்கும், 133 அடி உயர திருவள்ளுவர் சிலைக்கும் படகில் காலையிலேயே போய்விட்டால் ளுஹருக்கு முன்பு கரைக்குத் திரும்பலாம். 2024 டிசம்பர் 30ந் தேதி திறந்த 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தில் ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம்.

நாகர்கோவில் ரோட்டில் வந்தால் இடலாக்குடி. சதாவதானி செய்குத்தம்பி பாவலர் பிறந்த ஊர். 1874ல் பிறந்து 1950ல் மறைந்தவர். 1907ல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லி சபையை அசத்தியவர். சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர். அவருக்கு நினைவு மண்டபம் இங்கே உண்டு.

திருவனந்தபுரம் ரோட்டில் தக்கலை. பீர் முகம்மது அப்பா அடங்கியிருக்கும் தர்கா இங்கேதான். தென்காசியில் பிறந்து தக்கலைக்கு வந்த சூஃபி ஞானி. ‘ஞானப்புகழ்ச்சி’ பாடியவர். ரஜப் மாதம் நடக்கும் ஆண்டு விழாவில் அந்தத் தமிழ்ப் பாடல்களை இரவெல்லாம் பாடுவார்கள். எல்லா மதத்தாரும் வருவார்கள். தர்காவுக்குப் போகும் வழக்கம் இல்லாதவர்கள்கூட அந்தத் தமிழுக்காகப் போகலாம்.

பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. இடம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளாவிடம். திங்கட்கிழமை விடுமுறை. மதியம் இடைவேளை விடுவார்கள். அந்த நேரத்தில் தக்கலையில் ளுஹரும் சாப்பாடும் முடித்துக்கொள்ளலாம்.

மேற்கே கடற்கரையில் தேங்காப்பட்டணம். கல்லால் கட்டிய பழைய பள்ளிவாசல் உள்ள ஊர். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். 1997ல் ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது வாங்கிய தோப்பில் முகமது மீரான் பிறந்த மண்ணும் இதுதான்.

ஜப்பான்காரன் என்ன செய்தான்?

ஜப்பானில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சாப்பாட்டில் பன்றி எலும்புச் சாறு இருக்கும். குழம்பில் அரிசி மது கலந்திருக்கும். கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அந்த நாட்டின் முதல் பள்ளிவாசல் 1935ல் கோபே நகரில் எழுந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் இந்திய முஸ்லிம் வியாபாரிகளும் உண்டு.

அதே ஜப்பான், 2013ல் மலேசியர்களுக்கு விசா இல்லாமல் வர வழி திறந்தது. முஸ்லிம் பயணிகள் வந்தால் வியாபாரம் பெருகும் என்று கணக்குப் போட்டு விமான நிலையங்களில் தொழுகை அறைகள், கால் கழுவும் வசதி எல்லாம் செய்தார்கள். 2018ல் ஒரு லாரியையே விரித்து 50 பேர் தொழும் பள்ளிவாசல் ஆக்கிக் காட்டினார்கள்!

குமரியில் புதிதாகக் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை. 2011 கணக்குப்படி மாவட்டத்தில் நூற்றுக்கு 4 பேர் முஸ்லிம்கள். தக்கலை, திருவிதாங்கோடு, இடலாக்குடி, குளச்சல், தேங்காப்பட்டணம் என்று வழி நெடுகப் பள்ளிவாசல் இருக்கிறது. வெளியூர்க்காரருக்குத் தெரிந்தால்தானே வருவார்?

பெண்கள் பாடுதான் கஷ்டம்

ஆண்கள் எங்காவது விரிப்பைப் போட்டுத் தொழுதுவிடுகிறார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்? எல்லாப் பள்ளிவாசலிலும் பெண்கள் தொழ இடம் இருக்காது. உம்மாவும் பிள்ளைகளும் வேனிலேயே உட்கார்ந்தபடி தொழ வேண்டிய நிலை. தொழுகை மட்டும் இல்லை. கைகால் கழுவ, கழிப்பறை போக, கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒதுங்க இடம் வேண்டும். இது எந்த மதத்துப் பெண்ணுக்கும் உள்ள கஷ்டம்தான்.

இதற்குக் கோடி ரூபாய் திட்டம் வேண்டாம். பஸ் நிலையத்திலும் படகுத் துறையிலும் ஒரு போர்டு போதும். அன்றைய சூரிய உதயம், மறைவு நேரம், பக்கத்துப் பள்ளிவாசல், பெண்களுக்கு இடம் உள்ள பள்ளிவாசல், சுத்தமான கழிப்பறை இவ்வளவையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்கலாம். ஜமாஅத்துகள் விவரம் கொடுத்தால், நகராட்சி போர்டு வைத்தால், ஒரே வாரத்தில் முடிகிற காரியம்.

டிசம்பர் சீசனுக்கு முன்பே செய்தால், லட்சக்கணக்கில் வருகிற கூட்டத்தில் ஒரு தாயாவது வழி கேட்டு அலையாமல் இருப்பாள்.