தீபாவளிப் பட்சணமும் எண்ணெய்ச் சிக்கனமும்

பண்டிகைக்கும் பட்சணத்துக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஆண்டு முழுவதும் கூழும் சோறுமாக எளிய ஆகாரம் உண்டு, ஏர் பிடித்தும் நாற்று நட்டும் தேகம் வருந்த உழைத்த மக்கள், நெய்யும் எண்ணெயும் அருமையாகக் கிடைத்த அந்தக் காலத்தில், தீபாவளி, கார்த்திகை என்று சில நாட்கள் மட்டும் வாணலி நிறைய எண்ணெய் காய்ச்சிப் பலகாரம் சுட்டு உண்டதில் குற்றம் ஒன்றும் இல்லை. இன்றோ உட்கார்ந்த இடத்தில் ஜீவனம் நடத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். முறுக்கும் மிக்சரும் எல்லா நாளும் கடையில் கிடைக்கின்றன. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பல வீடுகளில் குடிபுகுந்திருக்கின்றன. ஆகவே பண்டிகை நெருங்கியதும், ‘வருஷத்துக்கு ஒரு நாள்தானே’ என்று ஒரு சாராரும், ‘பட்சணமே வேண்டாம்’ என்று மற்றொரு சாராரும் சொல்லக் கேட்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி உண்டு; அது நம் சமையல் சம்பிரதாயத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்த வழியைக் காண, கொழுப்பு ஒரு பதார்த்தத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மாவும் சர்க்கரையும் கிராமுக்கு 4 கலோரி அளவு சக்தி தர, நெய்யும் எண்ணெயும் 9 கலோரி தருகின்றன. ஆதலால் கொழுப்பில் சிறிது குறைத்தாலும் பலன் பெரிது. ஆனால் கொழுப்பின் வேலை எல்லாப் பண்டத்திலும் ஒன்றல்ல. முறுக்கிலும் வடையிலும் எண்ணெய் என்பது வேகவைக்கும் சாதனம். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் நெய் என்பது வாசனை. மைசூர்பாக்கிலோ நெய்தான் அந்தப் பண்டத்தின் சரீரமே. இந்தப் பேதத்தை அறியாமல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி குறைப்பவர்கள், ருசியையும் இழந்து, கடைசியில் பழைய வழிக்கே திரும்பிவிடுகிறார்கள்.

பொரிப்பதை எடுத்துக்கொள்வோம். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் மாவை இட்டதும், அதிலுள்ள நீர் கொதித்து ஆவியாகிக் குமிழி குமிழியாக வெளியேறுகிறது. அந்த ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரையில் எண்ணெய் உள்ளே நுழைய வழியில்லை. பண்டத்தை வெளியே எடுத்து அது ஆறத் தொடங்கும்போதுதான், உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. ஆகவே பலகாரம் எண்ணெய் குடிப்பதில் பெரும்பகுதி வாணலிக்குள் நிகழ்வதன்று. தட்டுக்கு வந்த பிறகு நிகழ்வது. அதிரசத்தை எடுத்த மாத்திரத்தில், சூடு தணியுமுன், இரண்டு ஜல்லிக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து நம் பாட்டிமார் அழுத்திப் பிழிந்தார்களே, அந்தக் கைப்பழக்கத்தின் தாத்பரியம் இதுதான். அழுத்திய கணத்தில் கரண்டியின் துளைகள் வழியே எண்ணெய் சொட்டுச் சொட்டாக வாணலிக்கே திரும்புவதைக் காணலாம். ஆறிய பிறகு அழுத்தினால் அதிரசம் உடையுமே தவிர எண்ணெய் வராது.

இதிலிருந்து பொரிப்பதற்குச் சில நியமங்கள் தாமே கிடைக்கின்றன. ஒரு துளி மாவை இட்டால் அது அமிழ்ந்து உடனே மேலெழும்பும் அளவுக்கு எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும். காயாத எண்ணெயில் பண்டம் வெந்து சிவக்க நேரமாகும், அதற்குள் எண்ணெய் ஏறிவிடும். ஒரே ஈட்டில் அதிகம் போட்டாலும் சூடு இறங்கி அதே கேடுதான். முறுக்கைச் சுற்றி எழும் சலசலப்பு அடங்கியதும், நீர் வற்றிவிட்டது என்று அறிந்து தாமதமின்றி எடுத்து, சூட்டோடு சூடாக வடியவிட வேண்டும். மாவில் வெண்ணெய் மிஞ்சினால் முறுக்கு எண்ணெயில் பிரிந்து கரைவதோடு மிகுதியாகவும் குடிக்கும். கரகரப்புக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்வது நலம்.

பொரிக்காமலே செய்யக்கூடிய பண்டிகைப் பண்டங்களும் நம்மிடம் ஏராளம். பிள்ளையார் சதுர்த்தியின் கொழுக்கட்டை முழுவதும் ஆவியில் வேகிறது. கார்த்திகையின் பொரி உருண்டைக்கு எண்ணெயே தேவையில்லை. தீபாவளிக்கென்று பல குடும்பங்களில் செய்யும் உக்காரையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஓர் ஆழாக்குக் கடலைப் பருப்பைச் சிவக்க வறுத்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் வேகவைத்து, ஆறியதும் கையால் பொலபொலவென்று உதிர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை ஆழாக்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, உருட்டும் பதத்தில் பாகு காய்ச்சி, உதிர்த்ததை அதில் கொட்டிக் கிளறி, தேங்காய்த் துருவலும் ஏலப் பொடியும் தூவி, இரண்டு மூன்று கரண்டி நெய் விட்டு இறக்கினால் போதும். நெய் நிறைய வார்த்துக் கிளறுவோரும் உண்டு. ஆனால் பருப்பு பதமாக உதிர்ந்திருந்தால் இதற்கு மேல் அது நெய் கேட்பதில்லை.

சுசியத்தையும் வாணலியில் மிதக்கவிடாமல் பணியாரக் கல்லில் சுடலாம். குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பாதிக் குழி மாவு ஊற்றி, பூரண உருண்டையை வைத்து, மேலே மாவால் மூடித் திருப்பிப்போட்டு எடுத்தால், உருவமும் ருசியும் பெரிதும் மாறாமல் எண்ணெய் மட்டும் குறைகிறது. பருப்பு வடை மாவுக்கும் இது பொருந்தும். முறுக்குக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது. அதைப் பொரித்தே ஆக வேண்டும், கொஞ்சமாகப் பொரித்துக்கொள்ளலாம்.

நெய் வாசனைக்காகச் சேரும் இடங்களில் அளவைவிடச் சமயம் முக்கியம். சர்க்கரைப் பொங்கலைத் தொடக்கம் முதல் நெய் விட்டுக் கிளறினால் மணத்தில் ஒரு பகுதி அடுப்பிலேயே போய்விடுகிறது; இறக்கிய பின் ஒரு கரண்டி நெய்யில் முந்திரியும் திராட்சையும் வறுத்துக் கொட்டினால், முதல் வாயிலேயே நெய் மணம் தெரியும். பாயசத்துக்கு, 100 கிராமில் 6 கிராம் கொழுப்புள்ள பாலுக்குப் பதில் 3 கிராம் உள்ள பாலை எடுத்து, அரிசியையோ பருப்பையோ மசித்துச் சேர்த்தால் கெட்டித் தன்மை குறைவதில்லை.

மைசூர்பாக்கில் மட்டும் கை வைக்க வேண்டாம். கொதிக்கும் நெய் விழுந்து மாவு பொங்கித் துளைதுளையாக விரிவதுதான் அதன் லட்சணம். நெய்யைக் குறைத்தால் அது கல்லாக இறுகிவிடும். அத்தகைய பண்டத்தில் குறைக்க வேண்டியது வில்லையின் அளவையே. நெய்யைக் குறைப்பதைக் காட்டிலும் தீமையானது அதற்குப் பதிலாக வனஸ்பதியை நாடுவது. கலோரியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் எண்ணெயை இறுகச் செய்யும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இருதயத்துக்குப் பகை. இதனால்தான் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2022 ஜனவரி முதல் இந்தியாவில் அமலில் இருக்கிறது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் கெடுதலே.

எண்ணெயைக் குறைத்துவிட்டோம் என்ற திருப்தியில் இனிப்பைக் கூட்டுவதும், வெல்லம் ஆயிற்றே என்று இரட்டிப்பாக உண்பதும் கூடா. வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் கலோரியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் உக்காரையையும் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியவர்களே.

பட்சணம் இல்லாத பண்டிகை நமக்கு வேண்டாம். வரும் தீபாவளிக்குப் பொரிக்கும் வகைகளை இரண்டாகச் சுருக்கி, ஆவியில் வேகும் வகை இரண்டைச் சேர்த்து, நெய்ப் பண்டம் ஒன்றைச் சிறு சிறு வில்லையாகப் போடுங்கள். பலகாரத் தட்டு அண்டை அயலாருக்கு வழக்கம்போலவே நிறைவாகப் போகும். உண்பவர் தேகத்துக்கும் கேடு குறையும்.