குழந்தைகளுள்ள குடும்பமும் இன்ஷியூரன்ஸும்

நமது ராஜ்யத்தில் பொதுஜன ஊழியர் ஒருவர் காலமானால் நடைபெறும் காரியங்கள் யாவருக்கும் தெரிந்தவையே. அனுதாபக் கூட்டம் கூடுகிறது. அவருடைய தியாகத்தைப் பலர் புகழ்ந்து பேசுகிறார்கள். குடும்ப நிதி ஒன்று ஆரம்பிக்கப்படுகிறது. முதல் வாரத்தில் சேரும் பணம் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். இரண்டாம் மாதத்தில் பொக்கிஷதார் யாரென்பதே மறந்துபோகும். சின்னஞ்சிறு குழந்தைகளோடு நிற்கும் அந்த ஸ்திரீ பள்ளிக்கூடச் சம்பளத்துக்காக யார் வீட்டு வாசலில் காத்திருக்கிறாள் என்பதை விசாரிப்பார் இல்லை.

இது புதிய சங்கதியன்று. 1921-ம் வருஷம் செப்டம்பரில் ஸுப்பிரமணிய பாரதியார் தமது 38-வது வயதில் இவ்வுலகை விட்டு நீங்கியபோது, மனைவி செல்லம்மாளுக்கும் இரண்டு பெண்களுக்கும் அவர் வைத்துச் சென்ற ஆஸ்தி அவருடைய கையெழுத்துப் பிரதிகளே. அந்த ஆஸ்தியின் மதிப்பை தேசம் உணர்வதற்குப் பல வருஷங்கள் சென்றன. அடுப்பு எரிய வேண்டியதோ மறுநாளே. பாரதியாரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. பத்திரிகைச் சம்பளத்தில் காலந்தள்ளியவர் எதைச் சேர்த்து வைக்க முடியும்? ஆனால் அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டு மேடையேறும் நம்மில் எத்தனை பேர், கையில் நாலு காசு புரளும் காலத்திலும், வீட்டைப் பற்றிய இந்த ஒரு விஷயத்தில் அசட்டையாக இருக்கிறோம் என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்ஷியூரன்ஸ் என்றதும் அது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வியாபாரம் என்று முகஞ்சுளிக்கும் தேசாபிமானிகள் இன்னும் சிலர் உண்டு. ஆரம்பம் அப்படித்தான். 1818-இல் கல்கத்தாவில் ஏற்பட்ட ஓரியண்டல் கம்பெனி ஐரோப்பியரின் விதவைகளுக்கும் குழந்தைகளுக்குமாகவே ஏற்பட்டது. பிற்காலத்தில் இந்தியருடைய உயிரையும் ஏற்றுக்கொள்ளத் துணிந்த கம்பெனிகள், அதைக் குறைந்த தரத்து உயிராக மதித்து அதிகப்படி பிரீமியம் வசூலித்தன. இந்தியனுக்கும் சாதாரண விகிதமே போதுமென்று முதலில் சொன்னது 1870-இல் ஏற்பட்ட பம்பாய் மியூச்சுவல். பிறகு சுதேசிக் கிளர்ச்சி வந்தது. துணி நெய்தார்கள், கப்பல் விட்டார்கள். அதே வேகத்தில் இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளும் தோன்றின. 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியாவும் கல்கத்தாவில் நேஷனலும் பிறந்தன. அடுத்த வருஷம் ஹிந்துஸ்தான் கோவாபரேட்டிவ் பிறந்தது கவி ரவீந்திரரின் ஜோராசாங்கோ இல்லத்து அறையொன்றில். ஆகவே ஆயுள் இன்ஷியூரன்ஸ் நமது தேசிய இயக்கத்துக்கு அந்நியமான பொருளன்று.

அதே சமயத்தில், சுதேசி என்ற பெயரை நம்பிப் பணங்கட்டி ஏமாந்தவர்களும் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. 1945 முதல் 1955 வரையுள்ள பத்து வருஷத்தில் 25 கம்பெனிகள் மூடப்பட்டன. இன்னுமொரு 25 தங்கள் பொறுப்பைப் பிறரிடம் தள்ளிவிட்டன. சர்க்கார் 1956-இல் இருந்த கம்பெனிகளை யெல்லாம் ஒன்றாக்கி ஆயுள் இன்ஷியூரன்ஸ் கார்ப்பொரேஷனை ஏற்படுத்தியதற்கு இது ஒரு முக்கிய காரணம். சென்னை மவுண்ட் ரோட்டில் யுனைடெட் இந்தியாவின் முதலாளி மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் எழுப்பத் தொடங்கிய பெருங்கட்டடம், கார்ப்பொரேஷனின் கட்டடமாக 1959-இல் திறக்கப்பட்டது. 2000-க்குப் பிறகு தனியார் கம்பெனிகளுக்கு மறுபடியும் வாசல் திறக்கப்பட்டது. அந்நிய மூலதனத்தின் வரம்பு 26 சதவிகிதத்திலிருந்து 2015-இல் 49 ஆகவும், 2021-இல் 74 ஆகவும் உயர்த்தப்பட்டது. இது சரியா தவறா என்பதைப் பற்றி நமக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு. அதை வேறொரு சமயம் சொல்லலாம். குடும்பத் தலைவனுக்கு இன்று வேண்டியது வேறு.

அவனுக்கு வேண்டிய முதல் கேள்வி, யாருடைய உயிரை இன்ஷியூர் செய்வது என்பதாகும். குழந்தை பிறந்தவுடனே அதன் பேரில் ஒரு பாலிஸி எடுக்கும் வழக்கம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் குழந்தையின் சம்பாத்தியத்தை நம்பிக் குடும்பம் நடக்கவில்லை. சம்பாதிக்கிறவன் மறைந்தால் குழந்தை பேரிலுள்ள பாலிஸிக்குப் பிரீமியம் கட்டுவது யார்? தகப்பன் இறந்தால் மேற்கொண்டு பிரீமியம் வேண்டாம் என்ற நிபந்தனை சில பாலிஸிகளில் உண்டு. தபாலாபீஸ் இன்ஷியூரன்ஸின் குழந்தைப் பாலிஸியில் அது இருக்கிறது. அந்நிபந்தனை இல்லாத குழந்தைப் பாலிஸி வெறும் உண்டியலே. அதுவும் பாதியில் உடைத்தால் நஷ்டம் தரும் உண்டியல்.

இரண்டாவது கேள்வி தொகை. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். "எனக்கு ஐந்து லக்ஷத்துக்குப் பாலிஸி இருக்கிறது" என்று ஒருவர் திருப்தியோடு சொல்வார். அவருடைய குடும்பத்தை ஒரு காகிதத்தில் கணக்கிட்டுப் பார்ப்போம். வயது 34. குழந்தைகளுக்கு வயது 7, 4. மாதச் செலவு 30,000 ரூபாய், அவருடைய சொந்தச் செலவு 6,000 கழித்தால், அவரில்லாத வீட்டுக்கு 24,000 வேண்டும், வருஷத்துக்கு 2,88,000. இளைய குழந்தைக்கு 22 வயதாகும் வரை 18 வருஷத்துக்கு 51,84,000. வீட்டுக் கடன் 12 லக்ஷம். இருவருடைய மேற்படிப்புக்கு 10 லக்ஷம். ஆக 73,84,000. சேமநல நிதியும் கையிருப்புமாக 9 லக்ஷம் இருக்கிற தென்று வைத்துக்கொண்டாலும் மிச்சம் ஏறக்குறைய 65 லக்ஷம். விலைவாசி ஏறுமே என்றால், பாங்கியிலுள்ள பணத்துக்கு வட்டியும் வரும். இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாக விட்டுவிடுவோம். இந்த 65 லக்ஷத்துக்கு எதிரில் ஐந்து லக்ஷம் எவ்வளவு காலம் நிற்கும்? கடனே இல்லாவிட்டாலும் இருபது மாதச் சாப்பாடு. கடன் இருந்தால் அதில் பாதிகூட அடையாது.

அவ்வளவு பெரிய தொகைக்கு ஏழை எங்கே போவான் என்று கேட்கலாம். ஏஜெண்டு அதிகமாகப் பேசாத விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. பணமும் திரும்பிவர வேண்டும், உயிருக்கும் காப்பு வேண்டும் என்று எடுக்கும் எண்டோமெண்ட் பாலிஸிக்கு, 20 வருஷத் தவணையில், காப்புத் தொகையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கை வருஷந்தோறும் கட்ட வேண்டியிருக்கிறது. 25,000 ரூபாய் கட்டினால் கிடைப்பது ஐந்து லக்ஷத்துக் காப்பு. உயிருக்கு மாத்திரம் காப்பு, தவணை முடியும்போது உயிரோடிருந்தால் ஒன்றுமில்லை என்ற டெர்ம் பாலிஸியிலோ, புகைபிடிக்காத தேகாரோக்கியமுள்ள வாலிபர் அதே பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்குக் காப்பெடுத்த பின்னும் மிச்சம் வைக்கலாம். "கட்டின பணம் போய்விடுமே!" என்கிறோம். வீட்டுக்குக் காவலாள் வைத்து ஒரு வருஷம் திருடன் வராவிட்டால் காவலாளிடம் சம்பளத்தைத் திருப்பிக் கேட்கிறோமா? முதல் வருஷப் பிரீமியத்தில் 35 சதவிகிதம் வரை கமிஷன் பெறச் சட்டம் நெடுங்காலம் இடங்கொடுத்து வந்தது. பிரீமியம் பெரிதானால் கமிஷனும் பெரிது. எல்லா ஏஜெண்டுகளும் சுயநலக்காரர் என்று நாம் சொல்லவில்லை. கிராமங்களில் இன்ஷியூரன்ஸ் பரவியதே அவர்களுடைய கால்நடையால்தான். ஆனால் எந்தப் பாலிஸியைப் பற்றி அவர் அதிகம் பேசுகிறார் என்பதைக் கவனிப்பது நல்லது. எண்டோமெண்ட் முற்றிலும் வீண் என்பதும் சரியல்ல. கையில் பணம் தங்காத மனிதனுக்கு அது கட்டாயச் சேமிப்பு. முதலில் போதிய காப்பு, பிறகு சேமிப்பு என்ற வரிசை மாறக்கூடாது. தனிநபர் பாலிஸிகளின் மீதிருந்த சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டு விட்டபடியால், முன்னைவிட இது சற்றுச் சுலபமாகவும் ஆகியிருக்கிறது.

தாயின் உயிரைப் பற்றி நம்மவர் நினைப்பதே யில்லை. அவள் சம்பாதிக்கவில்லையே என்கிறார்கள். அவள் போனால் சமையலுக்கும், குழந்தையைப் பார்க்கவும், நோயாளியைக் கவனிக்கவும் கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். தபால் இலாகா தனது ஸ்திரீ ஊழியர்களுக்கு 1894-லேயே இன்ஷியூரன்ஸ் அளித்தது. அப்போது மற்றக் கம்பெனிகள் பெண்களை ஏற்றுக்கொள்வதில்லை. சமத்துவம் பேசும் வீடுகள் இந்த ஒரு கணக்கில் அந்தக் காலத்துத் தபால் இலாகாவைவிடப் பின்தங்கியிருப்பது விசித்திரம்.

கடன்காரரைப் பற்றிய விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நமது மாகாணத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1874-ம் வருஷத்து விவாகமான ஸ்திரீகளின் சொத்துச் சட்டத்தில் 6-வது பிரிவு ஒன்றிருக்கிறது. ஒருவன் தன் உயிரின்மீது பாலிஸி எடுத்து, அது தன் மனைவி மக்களுடைய நன்மைக்கென்று அதிலேயே குறித்துவிட்டால், அந்தப் பணம் அவர்களுக்கான டிரஸ்டாகிவிடுகிறது. அவனுடைய கடன்காரர் அதில் கைவைக்க முடியாது. அவனே கூட அதை அடமானம் வைக்க முடியாது. கடன்காரரை ஏமாற்றவே எடுத்ததென்று ருசுவானால் மாத்திரம் விலக்கு. அந்தச் சட்டம் ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தாதென்று ஆதியில் ஒதுக்கப்பட்டிருந்தது. சென்னை ஹைக்கோர்ட்டார் இந்தப் பிரிவு ஹிந்துக்களுக்கும் உண்டென்று தீர்ப்பளித்தனர். பிறகு 1923-இல் சட்டத்தைத் திருத்தியபோது, மற்ற இடங்களில் 1923 ஏப்ரல் 1-க்குப் பின் எடுத்த பாலிஸிகளுக்கும், சென்னையில் மாத்திரம் 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்தவற்றுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டென்று எழுதினார்கள். சிறு வியாபாரிகளும், பிறருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் தயாளர்களும், பத்திரிகையோ அச்சுக்கூடமோ நடத்தும் நண்பர்களும் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பாலிஸிக்கு மனுச் செய்யும்போதே இதற்குரிய தனிக் காகிதத்தில் மனைவி மக்கள் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது. கேட்டாலன்றி யாரும் அந்தக் காகிதத்தை நீட்டுவதில்லை.

இதைச் செய்யாதவர்களும் நாமினியின் பெயரை யாவது சரிபார்க்கட்டும். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுப்பவர் மாத்திரமே, சொந்தக்காரர் அல்லர் என்று 1983-இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். 2015-இல் செய்த திருத்தத்தின்படி பெற்றோர், மனைவி, மக்கள் நாமினியாயிருந்தால் பணம் அவர்களுடையதே. மைனர் குழந்தையை நாமினியாக வைத்தால், அதன் சார்பில் பணம் பெற வயதுவந்த ஒருவரைக் குறிப்பிட வேண்டும். கலியாணத்துக்கு முன் எடுத்த பாலிஸியில் தகப்பனார் பெயரே இன்னும் இருக்கிற வீடுகள் அநேகம்.

மனுவில் உண்மையை எழுதுவது இன்னொரு விஷயம். நீரிழிவு உண்டா, புகையிலை உண்டா என்று கேட்கும் இடங்களில் ஏஜெண்டு "இல்லை" என்று நிரப்பிக்கொண்டு போவதும், இவர் படித்துப் பாராமல் கையெழுத்துப் போடுவதும் சகஜமாக நடக்கிறது. பாலிஸி எடுத்து மூன்று வருஷம் சென்றபின் அதைக் கம்பெனி எந்தக் காரணத்தாலும் ஆட்சேபிக்கக் கூடாதென்று இன்ஷியூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு சொல்வது வாஸ்தவமே. ஆனால் முதல் மூன்று வருஷத்துக்குள் அசம்பாவிதம் நேர்ந்தால், அந்த "இல்லை" என்ற ஒரு வார்த்தைக்காக விதவை வருஷக்கணக்கில் வழக்காட நேரிடும். பாலிஸி கைக்கு வந்தபின் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாளில் ஒருநாள் உட்கார்ந்து அதைப் படிக்கலாம்.

பிரீமியத்துக்கு வழியில்லாத குடும்பங்களைப் பற்றி ஊழியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஏற்பாடுகள் சில உண்டு. பாங்கிக் கணக்குள்ள 18 முதல் 50 வயது வரையுள்ள எவரும் வருஷத்துக்கு 436 ரூபாயில் 2 லக்ஷத்துக்கு ஆயுள் காப்புப் பெறலாம். 20 ரூபாயில் 2 லக்ஷத்துக்கு விபத்துக் காப்பு உண்டு. சேமநல நிதியில் சேர்ந்த தொழிலாளி வேலையிலிருக்கையில் இறந்தால், அவன் ஒரு காசும் கட்டாமலே, அந்த நிதியைச் சேர்ந்த இன்ஷியூரன்ஸ் திட்டத்தில் 7 லக்ஷம் வரை குடும்பத்துக்கு உரியது. இது 1976 முதல் இருந்துவரும் திட்டம். ஆயினும் சங்கத்தில் பல வருஷம் இருந்தவர்களுக்கே இது தெரியாமலிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். வைத்தியச் செலவுக்கு, வருஷ வருமானம் 1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பிள்ளையின் வைத்தியத்துக்காக நிலத்தை விற்ற பிறகு அந்த அட்டையைப் பற்றிக் கேள்விப்படுவது கொடுமை.

கடைசியாக, பாலிஸி எங்கே இருக்கிறதென்பது மனைவிக்குத் தெரியுமா? பத்து வருஷம் வரை யாரும் உரிமை கொண்டாடாத இன்ஷியூரன்ஸ் பணம் முதியோர் நல நிதிக்கு மாற்றப்பட்டு விடுகிறது. அப்படி மாறுகிற பணத்தில் பெரும்பகுதி, வீட்டில் சொல்லாமல் பெட்டியில் பூட்டிய காகிதங்களுக்கு உரியதாகவே இருக்க வேண்டும். பாலிஸியின் நம்பர், கம்பெனியின் பெயர், பிரீமியம் கட்டும் தேதி, ஏஜெண்டின் விலாசம் ஆகிய நான்கையும் ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி, குடும்ப அட்டை வைத்திருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டு, அந்த அம்மாளை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.