சம்மதித்த தீர்ப்பை எதிர்க்க முடியுமா?

பத்து சென்ட் மனை, விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சம் அட்வான்ஸ் வாங்கிக் கிரய ஒப்பந்தம் போட்டவர், நில விலை ஏறியதும் பத்திரம் எழுதித் தர மறுக்கிறார். வழக்கு நடக்கிறது. ஒருநாள் இருவரும் இறங்கிவந்து, மீதிப் பணம் எப்போது, பத்திரம் எப்போது என்று எழுதிக் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் கொடுக்கிறார்கள். நீதிபதி அதை அப்படியே தீர்ப்பாக்குகிறார். இதுதான் சமரசத் தீர்ப்பாணை. 'வழக்கு ராஜியாகிவிட்டது' என்பார்கள்.

விந்தையான தாள் இது. உள்ளே இருப்பது இரண்டு பேரின் ஒப்பந்தம். மேலே இருப்பதோ நீதிமன்றத்தின் அதிகாரம்.

மறுவாரமே ஒருவர், "என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்" என்றால்? மேல்முறையீடு செய்யலாம் என்று தோன்றும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96(3) பிரிவு குறுக்கே நிற்கிறது: சம்மதத்தால் வந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. தனியாக இன்னொரு வழக்குப் போட்டால்? 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 23-ஆம் கட்டளை, 3ஏ விதி அதையும் தடுக்கிறது. இல்லையென்றால் ஒவ்வொரு ராஜியும் அடுத்த வழக்கின் தொடக்கமாகிவிடும்.

ஆனால் அதே திருத்தம் இரண்டு வழிகளைத் திறந்தும் வைத்தது. முதல் வழி, ராஜியைப் பதிவுசெய்த நீதிமன்றத்துக்கே திரும்பிப் போவது. சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும், சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். இதில் நீதிமன்றம் மனநிறைவு அடைந்த பிறகே தீர்ப்பு. மோசடியால் பெற்ற சம்மதம் ஒப்பந்தச் சட்டப்படி ரத்தாகக்கூடியது. ஆகவே அது சட்டப்படியான சமரசமே ஆகாது. விலை ஏறிவிட்டது, மனம் மாறிவிட்டது என்பவை இங்கே செல்லாது.

இரண்டாவது வழிதான் என்னை அசர வைப்பது. மேல்முறையீட்டிலேயே, 'அந்தச் சமரசத்தைப் பதிவுசெய்திருக்கவே கூடாது' என்று வாதிடலாம் என்கிறது 43-ஆம் கட்டளை, 1ஏ விதி. மேல்முறையீடே இல்லை என்று ஒரு பிரிவு சொல்ல, மேல்முறையீட்டில் இப்படி வாதிடு என்று ஒரு விதி சொல்கிறதே! இந்த முடிச்சை உச்ச நீதிமன்றம் 1992-இல் அவிழ்த்தது. 96(3)-இன் தடை, சமரசம் நடந்ததை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்போது மட்டுமே. சம்மதம் இருந்ததா என்பதே சச்சரவானால், தடை நிற்க இடமில்லை. எவ்வளவு நுட்பமான வாசிப்பு! ஒரு சொல்லையும் வெட்டாமல் இரண்டு விதிகளும் பிழைத்தன.

ஆனாலும் 2006-இல் அதே நீதிமன்றம், ராஜியைப் பதிவுசெய்த நீதிமன்றத்தை அணுகுவதே வழி என்று அழுத்திச் சொன்னது. அதில் நியாயமுண்டு. யார் முன்னிலையில், என்ன சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைச் சாட்சி வைத்து விசாரிக்க ஏற்ற இடம் அதுதான்.

2024 டிசம்பரில் இந்த வழியின் வலிமை தெரிந்தது. நிலம் தொடர்பான ஒரு வழக்கில் சமரசப்படி கொடுத்த காசோலைகள் பணமில்லாமல் திரும்பின. வழக்கை மீண்டும் எழுப்ப முன்கூட்டியே அனுமதி தர உயர் நீதிமன்றம் மறுத்திருந்தது. சமரசத்தை எதிர்த்து, அதைப் பதிவுசெய்த நீதிமன்றத்தை அணுகும் உரிமை சட்டம் கொடுத்தது, அதை எந்த நீதிமன்றமும் பறிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.