மலிவாகக் கிடைப்பது சோறு மட்டும்

'ஏழைகளுக்கு எதைச் சாப்பிடுவது என்று தெரிவதில்லை' என்று சொல்பவர்கள், சென்னை கண்ணகி நகரின் மளிகைக் கடை ஒன்றில் மாலை வேளையில் சற்று நின்று பார்க்கட்டும். "அண்ணாச்சி, இருபது ரூபாய்க்குப் பருப்பு, அஞ்சு ரூபா மிளகாய்த்தூள் ஒண்ணு, சின்ன எண்ணெய் பாக்கெட் ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறார் ஒரு பெண். அன்றைய கூலியில் அன்றைய குழம்பு. கிலோ கணக்கில் வாங்கினால் மிச்சமாகும் என்பது அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும். அதற்கு மொத்தமாகக் கையில் காசு வேண்டும்.

கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். வீடு பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வந்துவிட்டது. வேலை நகருக்குள்ளேயே நின்றுவிட்டது. விடியலில் பஸ் பிடித்து, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, இருட்டியபின் திரும்புகிறவர் எப்போது உட்கார்ந்து கீரை ஆய்வார்? பிள்ளைக்கு ஐந்து ரூபாய் பிஸ்கட்டை வாங்கிக் கொடுக்கிறார். பழம் வாங்கி, பிள்ளை வேண்டாமென்று தள்ளிவிட்டால் அந்தக் காசு போனது போனதுதான். பிஸ்கட்டில் அந்தப் பயம் இல்லை.

2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். பசியை விரட்டிய மகத்தான திட்டம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். மீதி வயிற்றைச் சோறுதான் நிரப்புகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. 40 சதவீதத்தினருக்கு உடல் பருமனோ அதிக எடையோ இருக்கிறது. இரண்டும் ஒரே தட்டிலிருந்து வரக்கூடியவை.

கையில் காசு இருந்தாலும் சாதி குறுக்கே நிற்கும். மாட்டிறைச்சி மலிவான, நல்ல புரதம். வாடகை வீட்டில் அதைச் சமைக்கிறவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சத்துணவில் முட்டை உண்டு. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடும் தாய்க்கு யார் கொடுப்பது? 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசியில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அதுபோல் கண்ணகி நகரிலும், இதேபோல் குடும்பங்கள் பெயர்த்துக் குடியேற்றப்பட்ட பெரும்பாக்கத்திலும் பருப்பைக் கூட்டி, முட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். வேலை முடிந்து வரும் பெண்கள் வாங்க, கடை இரவு எட்டு மணி வரையாவது திறந்திருக்க வேண்டும்.