மரப்பட்டையில் மறைந்து வாழும் பறவை

திண்டிவனம் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? வடமொழியில் 'திந்திரிணி' என்றால் புளி. திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, நாளடைவில் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். இன்றும் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் வயதான புளியமரங்கள் நிற்கின்றன. அடுத்த முறை அப்படி ஒரு மரத்தைக் கண்டால் அதன் பட்டையைச் சற்று உற்றுப் பாருங்கள். கரடுமுரடாக, குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்புகளுக்குள் எறும்பு, சிலந்தி, வண்டு, புழு, பூச்சிகளின் முட்டை என்று ஓர் உலகமே குடியிருக்கிறது.

பூச்சி உள்ள இடத்தைத் தேடிப் பறவை வரும். ஆனால் அடிமரம் செங்குத்தாக அல்லவா நிற்கிறது? கிளைமேல் உட்காருவதுபோல் அதன்மேல் உட்கார முடியாது. கீழே விழாமல் பட்டையில் ஒட்டிக்கொண்டு இரை தேடுவது எப்படி? இது உங்கள் பாடப் புத்தகத்தில் வரும் விசை, திருப்புத்திறன் கணக்குத்தான். பறவைகள் இக்கணக்கை வெவ்வேறு வழிகளில் போட்டு விடை கண்டிருக்கின்றன. நமக்கு நன்கு தெரிந்த பறவையிலிருந்து தொடங்குவோம்.

பனையேறியும் மரங்கொத்தியும்

பனையேறி மரம் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கைகளால் மரத்தை அணைத்துத் தன் பக்கம் இழுக்கிறார். கால்களில் தளைநாரை மாட்டிக்கொண்டு பாதங்களால் மரத்தை அழுத்தி உந்துகிறார். மேலே இழுப்பு, கீழே உந்தல். இரண்டும் சேர்ந்தால்தான் உடல் பின்பக்கம் சாயாமல் நிற்கும்.

நம் ஊர்த் தென்னையிலும் பனையிலும் காணும் பொன்முதுகு மரங்கொத்தி செய்வதும் இதுவே. அதன் காலில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்துள்ளன. கூரிய நகங்கள் பட்டையைப் பற்றி இழுக்கின்றன. அதன் வால் இறகுகள் விறைப்பானவை. அந்த வாலை மரத்தில் ஊன்றிக்கொள்கிறது. இரண்டு கால், ஒரு வால், ஆக முக்காலிதான்!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பறவையின் எடை 100 கிராம் என்றும், அதன் ஈர்ப்பு மையம் மரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வால் நுனிக்கும் நகங்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் உயரம். எடை பறவையைப் பின்பக்கம் சாய்க்கும் திருப்புத்திறன் 100 × 4 = 400. நகங்கள் மரத்தை நோக்கி இழுக்கும் விசையை 10-ஆல் பெருக்கினால் அதுவும் 400 ஆக வேண்டும். ஆகவே இழுப்பு விசை 40 கிராம் எடை. வாலை ஊன்றாமல், 4 சென்டிமீட்டர் இடைவெளியில் கால்களை மேலும் கீழுமாக வைத்துத் தொங்கினால்? அப்போது இழுப்பு விசை 100 கிராம் எடை ஆகிவிடும். வால் ஊன்றுவதன் லாபம் புரிகிறதா?

வால் இவ்வளவு முக்கியம் என்றால், பழைய இறகு உதிரும் காலத்தில் பறவை என்ன செய்யும்? இங்கேதான் இயற்கையின் ஏற்பாடு வியக்க வைக்கிறது. மரங்கொத்தியின் வாலில் அதிகப் பாரம் தாங்குவது நடுவிலுள்ள இரண்டு இறகுகள். மற்ற வால் இறகுகள் புதிதாக முளைத்து வளரும்வரை இவ்விரண்டும் உதிர்வதில்லை!

வால் ஊன்றாத பறவைகள்

வால் ஊன்றாமலும் சில பறவைகள் இந்த வித்தையைச் செய்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், ஊதா கலந்த நீல உடலும் சிவந்த அலகும் கொண்ட சிறு பறவை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் நட்ஹாட்ச் என்று சொல்லப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. இது ஒரு காலை மேலே மாட்டித் தொங்கி, மற்றொரு காலைக் கீழே ஊன்றிக்கொள்கிறது. அதனால் தலைகீழாகவும் மரத்தில் இறங்க முடிகிறது.

வால் ஊன்றாத மற்றொன்றுதான் நம் கதையின் நாயகன். ஆங்கிலத்தில் ஸ்பாட்டட் கிரீப்பர் என்பார்கள். நாம் புள்ளி மரமேறி என்று அழைப்போம். இது நம் மாவட்டத்துப் பறவை அன்று. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் வறண்ட திறந்த காடுகளில், அங்கொன்றும் இங்கொன்றுமாக வாழ்கிறது. ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் என்ற ஆங்கிலேயர் 1831-இல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஆப்பிரிக்காவில் இதற்கு ஓர் உறவுப் பறவை உண்டு. நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனமாகக் கருதினார்கள். இப்போது தனித்தனி இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள்.

நீளம் 15 சென்டிமீட்டருக்கு மேல் இல்லை. எடை சுமார் 16 கிராம்தான். மெல்லிய வளைந்த அலகு. பின்விரலில் நீண்ட நகம். வாலோ மிருதுவானது, ஊன்றுவதற்கு உதவாது. பாரம் முழுவதும் கால்கள்மேல்.

பெரிய மரங்கொத்திக்குத் தேவைப்படும் ஊன்றுகோல் இதற்கு ஏன் வேண்டாம்? ஒரு காரணம் உருவம். நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். ஆனால் தசையின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் கூடும். அதாவது சிறிய உடலுக்குத் தன் எடையைத் தாங்குவது எளிது. மற்றொரு காரணம் தொழில். மரங்கொத்தி தலையால் ஓங்கி அடிக்கிறது. புள்ளி மரமேறி அடிப்பதில்லை. வளைந்த அலகை வெடிப்புக்குள் விட்டுப் பூச்சியை நோண்டி எடுக்கிறது.

ஆனால் இவை மட்டுமே முழு விடை ஆகா. இமயமலையிலுள்ள மரமேறிகள் இதைவிட எடை குறைந்தவை. அவையும் நோண்டித்தான் தின்கின்றன. இருந்தும் மரங்கொத்தியைப்போல் விறைப்பான வாலை ஊன்றுகின்றன. உயிரியலில் தேவையோடு பரம்பரையும் சேர்ந்தே உறுப்பை உருவாக்குகிறது. புள்ளி மரமேறியிடம் மரமேறிகளின் சாயலும் உண்டு, நட்ஹாட்ச் குடும்பத்தின் சாயலும் உண்டு. அதை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று அறிஞர்கள் பலகாலம் விவாதித்ததற்கு இதுவே காரணம்.

கண்ணுக்கு எதிரே மறைவது

மரத்தின் நடுவே, ஒளிய ஓர் இலைகூட இல்லாத இடத்தில், வல்லூறின் கண்ணுக்கு எப்படித் தப்புகிறது இந்தப் பறவை? வெடித்த பட்டைமேல் வெயில் விழும்போது மேடுகள் வெளுப்பாகவும் பள்ளங்கள் கறுப்பாகவும் தெரியும். பறவையின் உடல் முழுவதும் அதே கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுகளும் கோடுகளும். பட்டையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் உடலின் விளிம்பு எது, பட்டை எது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

கூட்டையும் இதே முறையில் மறைக்கிறது. கிளைமேல் கிண்ணம்போல் கூடு கட்டி, அதன் வெளிப்புறத்தில் சிலந்தி முட்டைப் பைகள், கம்பளிப்புழுக்களின் எச்சம், பாசிபோன்ற லைக்கன் ஆகியவற்றை ஒட்டிவைக்கிறது. கீழிருந்து பார்ப்பவருக்கு அது கிளையின் முடிச்சாகவே தோன்றும்.

பட்டை போனால்?

இப்போது ஒன்றை யோசியுங்கள். நகம் மாட்டப் பிடிமானம், இரை, மறைவிடம் ஆகிய மூன்றையும் இப்பறவைக்குக் கொடுப்பது ஒன்றே: கறுத்து, ஆழமாக வெடித்த பட்டை. அதே பறவையை வழவழப்பான வெண்ணிற மரத்தில் விட்டால்? நகம் வழுக்கும், பசி தீராது, தூரத்திலிருந்தே எதிரி கண்டுகொள்ளும்.

ஆழமாக வெடித்த பட்டை ஒரே நாளில் உருவாவதில்லை. மரம் பருக்கப் பருக்க, உயிரற்ற வெளிப்பட்டை விரிய முடியாமல் பிளக்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். நம் பக்கத்தில் சவுக்குத் தோப்புகள் ஏராளம். சவுக்கை நட்ட சில ஆண்டுகளிலேயே வெட்டிவிடுகிறோம். பட்டை முரடாக அவகாசமே இல்லை. தைலமரமோ தன் பட்டையை உரித்து உரித்துப் போட்டுவிடுகிறது. சாலைகளை அகலமாக்கியபோது வரிசையாக நின்ற பழைய புளியமரங்கள் பல வெட்டப்பட்டன. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட்டாலும், முதிய பட்டையை நம்பி வாழும் உயிர்களுக்கு அது உடனடி ஈடு ஆகாது. மரங்களை எண்ணினால் போதாது. அவற்றின் வயதையும் எண்ண வேண்டும்.

நீங்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். பள்ளிக்கு அருகிலுள்ள வேலமரம், புளி, வேம்பு, தைலமரம் ஆகியவற்றில் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மார்பு உயரத்தில், ஒரு சாண் சதுரத்துக்குள் எத்தனை சிற்றுயிர்கள் உள்ளன என்று உருப்பெருக்கியால் எண்ணிக் குறியுங்கள். காலை வேளைகளில் எந்த மரத்துக்குப் பறவை வருகிறது, அது வாலை ஊன்றுகிறதா, மேலே ஏறுகிறதா, தலைகீழாக இறங்குகிறதா என்றும் எழுதிவையுங்கள். ஒரு மாதக் குறிப்பை ஒப்பிட்டால், உங்கள் ஊரில் எந்த மரம் பறவைகளுக்கு அதிகம் சோறு போடுகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.