கரியிழைச் சைக்கிளும் அதன் உட்காயமும்

புனே நகரம் ஒரு காலத்தில் சைக்கிள்களின் நகரம் என்று பெயர் பெற்றிருந்தது. பூனா என்று அது வழங்கிவந்த அந்நாட்களில் கல்லூரி மாணவரும், ஆலைத் தொழிலாளரும், அரசாங்க அலுவலரும் சைக்கிளிலேயே சென்று வந்தனர். பின்னர் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் அவ்விடத்தைக் கைப்பற்றிக்கொண்டன. எனினும் சைக்கிள் அந்நகரைவிட்டு முற்றிலும் அகன்றுவிடவில்லை. வேறொரு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. விடுமுறை நாட்களில் பொழுது புலருமுன்னரே மெல்லிய டயர்களும் வளைந்த கைப்பிடியும் கொண்ட பந்தயச் சைக்கிள்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள சிங்ககட் கோட்டையை நோக்கியும், காத்ரஜ் மலைப்பாதையை நோக்கியும் வரிசையாகச் செல்வதைக் காணலாம். புனேயிலிருந்து கோவா வரை 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை நிற்காமல் கடக்கும் டெக்கான் கிளிஃப்ஹேங்கர் என்னும் பந்தயமும் இந்நகரிலிருந்தே புறப்படுகிறது. 2026 ஜனவரியில், சர்வதேசச் சைக்கிள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதும் பல கட்டங்களைக் கொண்டதுமான புனே கிராண்ட் டூர் பந்தயம் இம்மாவட்டத்துச் சாலைகளில் நடைபெற்றது.

இப்பந்தயங்களைப் பார்த்து ஆர்வங்கொண்டு தம் முதல் உயர்ரகச் சைக்கிளை வாங்க முற்படுவோர் பலர். தந்தையார் ஓட்டிய எஃகுச் சைக்கிளின் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம். புதிய வண்டியின் எடையோ 7 அல்லது 8 கிலோகிராம்தான். பந்தய வண்டி 6.8 கிலோகிராமுக்குக் குறைதல் கூடாது என்று சர்வதேசச் சங்கம் 2000-ஆம் ஆண்டு முதல் வரையறுத்திருக்கிறது. எடையைக் குறைப்பது இன்று அவ்வளவு எளிதாகிவிட்டது என்பதற்கு அவ்விதியே சான்றாகும். ஆனால் விலை லட்சக்கணக்கில் ஏறிவிடுகிறது. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய அவ்வண்டி ஒரு நாள் மலைச்சரிவில் சறுக்கி விழுகிறது. உடையவரின் முழங்கையில் சிராய்ப்பு, வண்டியின் வண்ணப்பூச்சில் ஒரு கீறல், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த வாரமும் அதே சரிவில் அதே வண்டியை நம்பி இறங்கலாமா? இவ்வினாவுக்கு விடை காண, வண்டி எப்பொருளால் ஆனது என்பதை அறிதல் வேண்டும்.

இழையும் பிசினும்

இவ்வண்டிகளின் சட்டம் பெரும்பாலும் கரியிழையால் ஆனது. கரியால் இழை செய்யும் கருத்து புதிதன்று. எடிசன் 1880-ஆம் ஆண்டளவில் தம் மின்விளக்குக்கு மூங்கிற் கீற்றைக் கரியாக்கி இழையாகப் பயன்படுத்தினார். ஆயினும் வலிமைமிக்க கரியிழை தோன்ற மேலும் எண்பது ஆண்டுகள் கழிந்தன. ஜப்பானில் ஒஸாகா அரசாங்கத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஷின்டோ என்பவர், கம்பளிக்கு மாற்றாக நெய்யப்படும் செயற்கை நூலாகிய பாலி அக்ரிலோ நைட்ரைலிலிருந்து கரியிழை செய்யும் முறையை 1960-ஆம் ஆண்டையொட்டி வகுத்தார். அதையடுத்து இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தார் அதனை மேலும் வலிமையுடையதாக்கினர்.

செய்முறையைச் சுருக்கமாகக் கூறலாம். அந்நூலை இழுத்துப் பிடித்தவாறே காற்றில் 200 முதல் 300 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றுகின்றனர்; வெண்ணூல் கறுத்து, உருகாத தன்மையை அடைகிறது. பின்னர் நைட்ரஜன் வாயு நிரம்பிய உலையில் 1,000 டிகிரிக்கு மேல் வாட்டும்போது, பிற அணுக்கள் வாயுவாக வெளியேறிக் கரி எஞ்சி நிற்கிறது. முதலில் இட்ட நூலின் எடையில் ஏறத்தாழப் பாதியே மிஞ்சும். ஓரிழையின் குறுக்களவு சுமார் 7 மைக்ரான். தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்கு என்று கொள்ளலாம். இத்தகைய இழைகள் ஆயிரக்கணக்கில் ஒரே புரியாகத் திரண்டு வருகின்றன.

இழை மட்டும் இருந்தால் அது வெறும் நூற்கற்றைதான். எபாக்ஸி என்னும் பிசினில் தோய்த்து, அச்சில் அடுக்கி, அழுத்தமும் வெப்பமும் கொடுத்து இறுகச் செய்தபின்னரே அது குழாயாகவும் சட்டமாகவும் உருப்பெறுகிறது. இவ்வாறு இரு பொருள்கள் சேர்ந்த கூட்டுப்பொருளின் அடர்த்தி சுமார் 1.6, அலுமினியத்தினுடையது 2.7, எஃகினுடையது 7.8. நமது தேஜஸ் போர்விமானத்தின் எடையில் ஏறக்குறைய 45 சதவிகிதம் இத்தகைய கூட்டுப்பொருள்களே. புனேயை அடுத்த திகியில் இயங்கும் பாதுகாப்புத் துறையின் பொறியியல் ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் தேர்ச்சி பெற்றது. கடற்படைக் கப்பலின் அடிப்பாகத்தில் ஒலியுணர் கருவியைப் பாதுகாக்கும் கூட்டுப்பொருள் கூடு அந்நிலையத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு செய்யப்பட்டு 2016-இல் கடற்படைக்கு அளிக்கப்பட்டது. சைக்கிள் உலகில் இப்பொருள் புகழ்பெற்றது 1986-ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டு பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தை அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் கரியிழைக் குழாய்களால் ஆன வண்டியில் வென்றார்.

வலிமையின் மறுபக்கம்

மூங்கிலை நெடுக்கில் இழுத்து அறுப்பது மிகக் கடினம்; அரிவாளை நுனியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் அதே மூங்கில் நெடுகப் பிளந்துகொள்கிறது. கரியிழையின் இயல்பும் அதுவே. இழை செல்லும் திசையில் அது எஃகை விஞ்சும். குறுக்கேயோ பிசினின் பலந்தான் அதன் பலம். ஆகையால் சட்டத்தை அமைப்போர் ஓரடுக்கை நெடுக்காகவும், மற்றோர் அடுக்கைச் சாய்வாகவும், இன்னொன்றைக் குறுக்காகவும் மாற்றி மாற்றி வைக்கின்றனர். எத்திசையில் எவ்வளவு சுமை வரும் என்பதை முன்கூட்டியே கணித்து, அவ்வளவுக்கே பொருளை இடுவதால்தான் எடை இத்துணைக் குறைகிறது. கணிக்கப்படாத திசையிலிருந்து வரும் அடிக்கு அங்கே ஏற்பாடு சொற்பம்.

இதனை ஒரு பெரிய தொழிற்சாலை மிகுந்த நஷ்டத்தோடு கற்றுக்கொண்டது. 1960-களின் பிற்பகுதியில் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் தன் ஆர்.பி. 211 விமான எஞ்சினுக்குக் கரியிழை விசிறி அலகுகளை அமைத்தது. சுழற்சியின் விசையை அவை நன்கு தாங்கின. பறவை மோதுவதைப் போன்ற சோதனையிலோ அவை சிதறிப்போயின. முடிவில் டைட்டேனியம் அலகுகளுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அந்த எஞ்சினுக்கான செலவுச் சுமையால் நிறுவனம் 1971-இல் திவாலாகி அரசுடைமையாயிற்று.

எஃகு அடிபட்டால் வளைகிறது. சந்துமுனைச் சைக்கிள் கடைக்காரர் கோணிய போர்க்கைக் கண்ணளவிலேயே நிமிர்த்தி, சக்கரத்தின் கோட்டம் எடுத்து அரைமணி நேரத்தில் திருப்பித் தந்துவிடுவார். அலுமினியமும் வளைந்தோ நசுங்கியோ காட்டிக்கொடுக்கும். ஆனால் அதனை நிமிர்த்திப் பயன்படுத்துவது தகாது. கரியிழை வளைவதில்லை. மோதலில் சற்றே உள்வாங்கி, விசை நீங்கியதும் தன் பழைய வடிவுக்கே மீண்டுவிடுகிறது. மேலே வண்ணம் கலையாதிருக்க, உள்ளே அடுக்குகளுக்கிடையே பிசின் விட்டுப்போயிருக்கக்கூடும். விமானப் பொறியியலார் இதனைக் கண்ணுக்குப் புலப்படாத மோதற் சேதம் எனத் தனியே வகைப்படுத்தி, அத்தகைய சேதத்துடனும் விமானம் சுமை தாங்குமாறு உறுப்புகளை அமைக்கின்றனர். சைக்கிளின் மெல்லிய குழாயில் அத்தகைய தாராளத்தை எதிர்பார்க்க இயலாது.

சரிவில் இறங்கும் வண்டியின் இயக்க சக்தியையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்றால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 1,235 ஜூல். 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 11,100 ஜூல், அதாவது ஒன்பது மடங்கு. ஆயினும் விந்தை என்னவெனில், வேகமாகச் சறுக்கி விழுந்த வண்டி தப்பிவிடுவதும், நின்ற இடத்தில் சாய்ந்த வண்டி காயம்படுவதும் உண்டு. சறுக்கலில் சக்தி நீண்ட தூரம் தேய்ந்து கரைகிறது. கைப்பிடியும் பெடலும் அத்தேய்மானத்தை ஏற்கின்றன. கூரிய கல்லின்மேல் சட்டம் சாயும்போதோ, கைப்பிடி திரும்பி மேற்குழாயைத் தாக்கும்போதோ, விசை முழுவதும் ஒரு காசளவு இடத்தில் குவிந்துவிடுகிறது.

வாங்கும்போது

முதல் வண்டி வாங்குவோர் கரியிழையே வேண்டுமென்று பிடிவாதம் கொள்ளத் தேவையில்லை. நல்ல அலுமினியச் சட்டமும் கரியிழை போர்க்கும் கொண்ட வண்டி, விலையில் பாதியாகவும் எடையில் ஓரிரு கிலோகிராம் மட்டுமே கூடுதலாகவும் இருக்கும். எவ்வண்டியாயினும் உடலளவுக்குப் பொருந்துவதே முதன்மை. பொருந்தாத சட்டத்தில் உடற்பாரம் தவறான சக்கரத்தின்மேல் விழ, வளைவுகளில் வண்டி கட்டுப்பட மறுக்கிறது. தயாரிப்பாளரின் உத்தரவாதப் பத்திரத்தை வாசித்துப் பார்ப்பதும் அவசியம். பொதுவாக அது தயாரிப்புக் குறைகளுக்கே பொருந்தும், விழுந்ததால் நேரும் சேதத்துக்கன்று. சில தயாரிப்பாளர்கள் சேதமுற்ற சட்டத்துக்குப் பதிலாகப் புதியதைக் குறைந்த விலையில் தருகின்றனர்; அவ்வசதி உண்டா என்று வாங்குமுன் கேட்டறிதல் நலம். பழைய வண்டியை வாங்குவோருக்கு இது இரட்டிப்புப் பொருத்தம், ஏனெனில் முந்தைய உடைமையாளரின் வீழ்ச்சிகள் எந்தப் பத்திரத்திலும் பதிவாவதில்லை.

பெரிய வீழ்ச்சி நேராமலே சட்டத்தைக் கெடுக்கவும் கூடும். இருக்கைத் தண்டைப் பற்றும் வளையத்திருகை, எஃகு வண்டிக்குச் செய்வதுபோல் முழுப்பலத்துடன் முறுக்கினால் கரியிழைக் குழாய் நசுங்கிப்போகும். பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே அங்கே அனுமதிக்கப்படுகிறது. அளவு காட்டும் ஸ்பேனர் ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுவது சிக்கனமானது.

விழுந்தபின்

விழுந்த வண்டியை முதலில் நன்றாகக் கழுவித் துடைக்கவேண்டும். சேற்றின் கீழ்தான் விரிசல் ஒளிந்திருக்கும். பின்னர் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு குழாயையும் பார்த்து, பருத்தித் துணியால் மெல்லத் தடவிவரவேண்டும். முறிந்த இழைமுனை இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். வண்ணப்பூச்சில் கோடு தெரிந்தால், அது மேற்பூச்சோடு நின்றதா, உள்ளே இறங்கியதா என்பதே கேள்வி. கட்டைவிரலால் அழுத்தும்போது ஓரிடம் மட்டும் மெத்தென்று அமிழ்ந்தாலும், கிறீச்சென்று ஒலித்தாலும் ஐயமே வேண்டியதில்லை.

அடுத்தது நாணயச் சோதனை. ஒரு ரூபாய் நாணயத்தால் குழாய் நெடுகிலும் இலேசாகத் தட்டிக்கொண்டே போனால், ஒட்டுக்குலையாத இடத்தில் ஒலி கணீரென்றும், அடுக்குப் பிரிந்த இடத்தில் மந்தமாகவும் கேட்கும். மண்பானை வாங்கும் பெண்கள் விரலால் சுண்டிப்பார்ப்பதன் தத்துவமே இது. விமானக் கொட்டகைகளிலும் இம்முறை கையாளப்பட்டு வருகிறது. குழாயின் தடிப்பு இடத்துக்கிடம் மாறுவதால் ஒலியும் இயல்பாகவே மாறும். எனவே இடப்புறக் குழாயின் ஒலியை வலப்புறக் குழாயின் அதே இடத்து ஒலியோடு ஒப்பிட வேண்டும். அப்போதும் ஐயம் தீராவிடில், செவிக்கெட்டாத ஒலியலைகளைச் செலுத்தி ஆராயும் கருவியுள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதே முறை.

பின்சக்கரத்தருகே செயின்மாற்றியைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டு பெரும்பாலும் வளைந்திருக்கும். சட்டத்தைக் காப்பதற்காகத் தான் முதலில் கெடுமாறே அது அமைக்கப்பட்டது, விலையும் சொற்பம். அதனை மாற்றாமல் ஓட்டினால் ஏற்றத்தில் கியர் மாற்றுகையில் செயின்மாற்றி ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் சிக்கிக்கொள்ளும். தலைக்கவசமும் அவ்வாறே. அதனுள்ளிருக்கும் நுரைப்பொருள் ஒரேயொரு முறை நசுங்கி அடியை ஏற்கும். தலை மோதிய கவசம், விரிசல் தெரியாவிடினும், மறுமுறை உதவாது.

கைப்பிடி, போர்க், இருக்கைத் தண்டு ஆகிய கரியிழை உறுப்புகள் அடிபட்டிருந்தால் அவற்றை மாற்றிவிடுவதே விவேகம். அவை முறிவதற்கு முன்னறிவிப்பு கிடைப்பதில்லை. முறிந்த கணத்தில் ஓட்டுபவருக்கு வண்டியின்மீது பிடியே இராது. சட்டத்தின் குழாய்களைப் பெரும்பாலும் பழுதுபார்க்கலாம். சேதமடைந்த அடுக்குகளைத் தேய்த்து நீக்கி, ஓரங்களைச் சட்டென்று முடியாமல் நீண்ட சரிவாகச் செதுக்கி, முன்பிருந்த இழைத்திசைகளிலேயே புதிய அடுக்குகளைப் பதித்து, வெற்றிடப் பையால் அழுத்தி வெப்பத்தில் இறுக்குகின்றனர். சரிவு நீளமாயிருந்தால்தான் பழைய இழையிலிருந்து புதிய இழைக்குச் சுமை படிப்படியாக மாறும். தேய்க்கும்போது எழும் கரித்தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடியின்றி வீட்டு முற்றத்தில் செய்யத்தக்க வேலையன்று இது. கடையில் வாங்கிய ஒட்டுப்பசையை விரிசலில் தடவி மேலே வண்ணம் பூசிவிடுவது பழுதுபார்த்தலாகாது. அது அடுத்து வாங்குபவரை ஏமாற்றுவதற்கே உதவும்.

தேர்ந்த பழுதுபார்ப்பவர் வேலை முடிந்ததும் ஒட்டிட்ட இடத்தில் வண்ணம் பூசாமல், ஒளி ஊடுருவும் வார்னிஷை மட்டும் பூசித் தருவதுண்டு. சட்டத்தின் அழகு அவ்விடத்தில் சற்றுக் குறையும். சில வாரங்கள் சமதரைச் சாலையில் ஓட்டி, ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் அந்தக் கறுத்த பட்டையை உற்றுப் பார்த்து, வெண்ணிறக் கோடு எதுவும் எழவில்லை என்று கண்டபின்னரே வண்டியை மீண்டும் சிங்ககட் சரிவுக்குக் கொண்டுசெல்கின்றனர்.